கல்லடியிலிருந்து மண்டூருக்கு ஏழு கைச்செய் படகுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

சொந்தக் கையால் சின்னப் படகு செய்தவர்கள் சிலர் ஒன்றுகூடி மட்டக்களப்பு வாவியில் போய்வந்த இரண்டு நாள் பயணம் இங்கே ஆய்வுக்கு எடுக்கப்படுகிறது. மாதம் ஓகஸ்ட், கச்சான் காற்றுக் காலம். கல்லடியில் தொடங்கி மண்டூரில் முடிந்தது. நீர்வழியில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். இடையில் அம்பிளாந்துறையில் ஓர் இரவு. ஏழு படகுகளில் 14 பேர், காவல் படகில் மூவர், கரையில் வாகனத்தோடு நால்வர். ஐந்து படகுகள் சொந்த வலுவில் மண்டூர் போய்ச் சேர்ந்தன. ஒன்றைக் காவல் படகில் தூக்கி ஏற்ற வேண்டியிருந்தது. இன்னொன்று அம்பிளாந்துறையோடு நின்று பட்டா என்ற சின்ன லொறியில் வீடு போனது. சேர்ந்த ஐந்தில் ஒன்று வழியில் கவிழ்ந்தும் இருந்தது. யாருக்கும் காயமில்லை.

ஏழில் இரண்டு கரைசேரவில்லை என்பதை வைத்து இதைத் தோல்வி என்று சொன்னவர்கள் உண்டு. எங்கள் கணிப்பு அப்படியல்ல. வீட்டு முற்றத்தில் செய்த படகுக்குச் சோதனைக்கூடம் கிடையாது. இப்படியான பயணந்தான் அதற்குச் சோதனை. கேட்க வேண்டியது, குறைகள் எங்கே வெளிப்பட்டன என்பதைத்தான். இடுப்பளவு தண்ணீரில் வெளிப்பட்டவை நிமிடக் கணக்கில் தீர்ந்தன. அங்கே சோதிக்காமல் விட்டவை நடு வாவியில் மணிக்கணக்கைத் தின்றன. பின்வருவதெல்லாம் இந்த வித்தியாசத்தின் விவரம்.

வாவியும் கச்சானும்

வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பக்கம் வரை வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். கடலோடு சேரும் வாய்கள் இரண்டு, பாலமீன்மடு முகத்துவாரமும் கல்லாறும். மாரி மழையில் வெட்டித் திறக்கும் இந்த வாய்களை வறண்ட மாதங்களில் மணல் அடைத்துவிடும். அதனால் ஓகஸ்டில் நீரோட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. துடுப்பு வலித்துப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் தண்ணீர் வற்றியிருக்கும், சேற்றுத் திட்டுகள் மேலே வந்திருக்கும், மாரியில் தெரியாத மரக்குற்றிகளும் பழைய வலைக்கம்புகளும் ஒரு முழ ஆழத்தில் காத்திருக்கும்.

பிரச்சினை காற்று. கச்சான் மேற்கே தரைப்பக்கமிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று. விடியலில் வாவி எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும். ஒன்பது, பத்து மணிக்கு மேல் தண்ணீரில் சுருக்கம் விழும். உச்சிப் பொழுதில் வெள்ளைத் தலை காட்டும். இரண்டு கிலோமீற்றர் அகலமான இடத்தில் மணிக்கு 28 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் ஒரு சாண் உயர அலை எழும். பெரிய படகுக்கு அது ஒன்றுமில்லை. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் மட்டுமே தெரியும் 12 அடிப் படகுக்கு ஒவ்வோர் அலையும் உள்ளே ஒரு கோப்பை தண்ணீர் வைத்துவிட்டுப் போகும்.

பாதை இதை வைத்தே தீர்மானமானது. கச்சானுக்கு ஒதுக்குப்புறம் படுவான்கரை, அதாவது மேற்குக் கரை. கிழக்கே எழுவான்கரைப் பக்கம் அலை வந்து மோதும் பக்கம். கல்லடி எழுவான்கரையில் இருக்கிறது. ஆகவே காலை எட்டு மணிக்கு முன் குறுக்கே கடந்து படுவான்கரை ஓரத்தைப் பிடித்து, பிறகு தெற்கே மண்முனைப் பாலம், முனைக்காடு, அம்பிளாந்துறை, பட்டிருப்புப் பாலம், மண்டூர் என்று அதே கரையோடு போவது என்று முடிவானது. இன்னும் தெற்கே கிட்டங்கித் தாம்போதி வரை போகலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அந்தப் பக்கம் ஆற்றுவாழை அடைத்துக்கொள்ளும்; தாம்போதிக்கு அடியால் பாய்மரப் படகு போகவும் வழியில்லை. கைவிட்டது சரி.

கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே படகை இறக்கினால் வழியில் பாலம் இரண்டு, மண்முனையும் பட்டிருப்பும். பாலத்தைவிட வலுவான ஆபத்து மின்கம்பி. அலுமினியக் குழாயில் பாய்மரம் செய்தவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும். வாவியைக் குறுக்கே கடக்கும் கம்பிகளும் துறையடியில் தாழத் தொங்கும் கம்பிகளும் எங்கே என்று முதல் வாரமே ஆள்விட்டுப் பார்த்து வரைபடத்தில் சிவப்பால் குறித்தார்கள். பாலத்துக்கு 200 மீற்றர் முன்பே எல்லாப் பாய்மரமும் படுத்துவிட வேண்டும் என்பது விதி. இரண்டு நிமிடத்தில் மரத்தைப் படுக்கவைக்க முடியாத படகு பாய் இல்லாமல்தான் வரலாம் என்பதையும் முன்கூட்டியே அறிவித்தார்கள்.

வந்த படகுகள்

மூன்று படகுகள் ஒரே மாதிரி: 12 அடி நீளத் தட்டையடிப் படகு, 6 மில்லிமீற்றர் பிளைவூட், துண்டுகளைக் கம்பியால் தைத்து எபொக்சிப் பசையால் ஒட்டும் முறை. தைத்து ஒட்டும் முறை உலகெங்கும் பரவியது 1963இல் பிரித்தானியாவில் வந்த மிரர் என்ற சின்னப் பாய்ப்படகாலே. சாதாரண வீட்டுக்காரர் தச்சுப் பட்டறை இல்லாமல் செய்யவேண்டும் என்பதே அதன் நோக்கம். நம்மூரில் எட்டுக்கு நாலு அடிப் பலகை மூன்று போதும். 8 அடிப் பலகையை 12 அடிக்கு நீட்ட, மூட்டின் பின்னால் 150 மில்லிமீற்றர் அகலப் பட்டை ஒன்றை வைத்து ஒட்டியிருந்தார்கள். எபொக்சி ஒரு படகுக்குச் சுமார் 6 கிலோ. வெறும் படகு 45 கிலோ; நாலுபேர் தூக்கலாம்.

நாலாவது 14 அடிப் பாய்ப்படகு, மூவர் போகலாம். ஐந்தாவது 16 அடிக் கயாக், 4 மில்லிமீற்றர் பலகை. ஆறாவது எட்டுக்கு நாலு அடிப் பெட்டிப் படகு, ஓர் ஆளுக்கு. ஏழாவது ஒரு பழைய மரத்தோணி. வெளியே பிளைவூட் அடித்து, அதன்மேல் பைபர் போர்த்தது. காவல் படகு, வாவி மீனவர் ஒருவரின் 18 அடிப் பைபர் படகும் 9.9 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரமும்.

ஏற்றியிறக்குவதில் ஒரு பாடம் உண்டு. பட்டாவின் தட்டு ஏழடி சொச்சந்தான். 12 அடிப் படகு அதில் ஐந்தடி வெளியே நீட்டும். படகு ஒன்று அப்படி வந்ததில் கடையார்ப் பக்கம் (பின்பக்கம்) பலகை தட்டின் கதவில் உரசிப் பெயின்ட் போய்விட்டது. மற்ற இரண்டும் நீளத் தட்டுள்ள கன்டர் லொறி ஒன்றில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, இடையில் பழைய ரியூப் துண்டு வைத்து, கீறல்கூட இல்லாமல் வந்தன. கூடிப் பிடிக்கும் வாடகையும் குறைவு. கரையில் உருட்ட 110 மில்லிமீற்றர் பிவிசி குழாய், ஒன்றரை மீற்றர் துண்டு மூன்று. மணலில் சில்லு வண்டியைவிட இது மேல்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தந்தக் கரையின் மீனவர் சங்கங்களோடு பேசியது இந்த ஏற்பாட்டின் சிறந்த பகுதி. வலை எங்கே கிடக்கும், எத்தனை மணிக்கு எடுப்பார்கள், கம்புகளின் எந்தப் பக்கத்தால் போகலாம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவந்தது. நட்ட கம்புகளுக்கு நடுவால் போகக்கூடாது. மிதப்பு வரிசை கண்டால் சுற்றிப் போகவேண்டும். வலை சுக்கானில் மாட்டினால் வெட்டக்கூடாது, சுக்கானைக் கழற்ற வேண்டும். காவல் படகுக்காரருக்கு எரிபொருளோடு அந்த இரண்டு நாள் தொழில் இழப்பும் கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அவர் வந்தது வெறும் ஓட்டுநராக அல்ல. காற்று எப்போது திரும்பும் என்று அன்று அவர் சொன்னதே சரியாக இருந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் முக்கால் மணிநேரம்

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு எல்லாரும் கல்லடிக் கரையில். இருட்டு முழுதாக விலகவில்லை. ஒவ்வொரு படகையும் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, ஆட்களும் சாமானும் ஏறிய நிலையில் 20 நிமிடம் அசையாமல் விட்டார்கள். பிறகு கடற்பஞ்சால் ஒற்றி, பிழிந்து, அளந்தார்கள். அரை லீற்றருக்கு மேல் வந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் புறப்பட முடியாது.

12 அடிப் படகு ஒன்றில் ஒன்றேகால் லீற்றர். அடியும் பக்கமும் சேரும் மூலையில் ஊசித்துளைகள். காரணம் எல்லாருக்கும் பழகிய காரணந்தான்: பைபர் நாடாவை நண்பகலில் ஒட்டியது. சூடு ஏறும் நேரத்தில் மரத்துக்குள் உள்ள காற்று விரிந்து வெளியே தள்ளும், இறுகிக்கொண்டிருக்கும் எபொக்சியில் குமிழ் விழும், குமிழ் உடைந்தால் துளை. மாலை நாலு மணிக்கு மேல், சூடு இறங்கும்போது ஒட்டினால் மரம் பசையை உள்ளே இழுக்கும். அன்றைக்குச் செய்த வைத்தியம், படகைக் கவிழ்த்து, துணியால் துடைத்து, கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்ப்பூச்சுள்ள அலுமினிய நாடாவை மூலை நெடுக ஒட்டியது. ஈரத்தில் அது பிடிக்காது. துடைத்த பிறகு பத்து நிமிடமாவது காயவேண்டும். மண்டூர் வரை நின்றது.

இன்னொரு படகில் துடுப்பு வளையத்தின் ஸ்க்ரூ இரண்டு வலித்துப் பார்த்ததுமே பிடுங்கிக்கொண்டு வந்தன. 6 மில்லிமீற்றர் பலகையில் ஸ்க்ரூ மட்டும் போட்டால் வேறென்ன நடக்கும்? உள்ளே 20 மில்லிமீற்றர் தடிப்பில் சமண்டலை மரத்துண்டு வைத்து, 6 மில்லிமீற்றர் போல்ட் துளைத்துப் பூட்டியதும் சரி. துளைமுனையும் போல்டும் கொண்டுவந்திருந்தவர் ஒருவரே. அடுத்த முறைக்கு எழுதிவைத்த பட்டியலில் முதல் வரி இது: மின்கல ட்ரில் ஒன்று, 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத போல்ட் பன்னிரண்டு, பெரிய வாசர் இருபத்துநாலு.

உயிர்காப்பு அங்கிகளையும் இங்கேயே பார்த்தார்கள். போட்டுக்கொண்டு தண்ணீரில் கால் தூக்கி மிதக்கவேண்டும். மேலே தூக்கித் தலையால் கழன்றால் அந்த அங்கி செல்லாது. மூன்று கழன்றன. கவட்டுப்பட்டி இல்லாததுதான் காரணம். நைலோன் பட்டி கட்டிச் சமாளித்தார்கள்.

செய்யாமல் விட்டது ஒன்று: கவிழ்த்துப் பார்க்கவில்லை. சாமான் ஏற்றியாகிவிட்டது, நேரம் ஆறரை, எட்டுக்கு முன் கடக்கவேண்டும். விட்டுவிட்டார்கள். இந்த முடிவின் விலையை ஞாயிற்றுக்கிழமை கட்டினார்கள்.

முதல் நாள்: துடுப்பு நீளமும் பின்தங்கும் படகும்

குறுக்கே கடந்தது ஏழே முக்காலுக்குள் முடிந்தது. அதன்பின் வேக வித்தியாசம் தலைகாட்டியது. கயாக் மணிக்கு ஐந்தரை கிலோமீற்றர் போனது. 12 அடிப் படகுகளில் இரண்டு நாலரை, ஒன்று மூன்றரை. பெட்டிப் படகு இரண்டரை. ஒரே வடிவப் படகுகளில் ஒன்று மட்டும் ஏன் பின்தங்குகிறது? துடுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. அந்தப் படகின் துடுப்பு ஆறடி. இரண்டு வளையங்களுக்கும் இடைத்தூரம் நாலடி, அதாவது 48 அங்குலம். அதில் பாதி 24, கையிடம் மேற்படிய 2 அங்குலம் கூட்டினால் 26. அதை ஏழால் வகுத்து 25ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 93 அங்குலம், ஏழேமுக்கால் அடி. இதுதான் அந்த அகலத்துக்கு வேண்டிய நீளம். ஆறடித் துடுப்பில் கை படபடவென்று அடிக்கும், படகு நகராது. கடையில் விற்கும் துடுப்பு பெரும்பாலும் கட்டை. படகு செய்யும்போதே துடுப்பும் செய்வது நல்லது. வலிக்கக் களைத்த இருவருக்கும் காவல் படகுக்காரர் தன் சவளை (கையில் பிடித்துப் போடும் துடுப்பை) கொடுத்தார். ஒருவர் கடையாரில் இருந்து சவள் போட, மற்றவர் துடுப்பு வலிக்க, மணிக்கு நாலு கிலோமீற்றரைத் தொட்டார்கள்.

நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை குறித்த இடத்தில் எல்லாரும் சேர்வது என்று விதி இருந்தது. விதி நல்லது, நடைமுறை பிழை. முன்னே போனவர்கள் கண்ணா மர நிழலில் இருபது நிமிடம் இளைப்பாறுவார்கள். பெட்டிப் படகு வந்து சேர்ந்ததும் "சரி, போவோம்" என்று கிளம்புவார்கள். கடைசியாக வருபவருக்கு ஓய்வே கிடைக்காது. மூன்றாவது நிறுத்தத்தில் அவருக்குத் தலைசுற்றல். ஜீவனிக் கரைசல் கொடுத்து, ஈரத்துணி போட்டு, காவல் படகில் படுக்கவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் கடைசிப் படகு வந்து பத்து நிமிடம் கழித்தே மணிக்கூடு ஓடத்தொடங்கும் என்று மாற்றினார்கள். முதல் நிறுத்தத்திலேயே இப்படி இருந்திருக்க வேண்டும்.

தண்ணீர் விடயத்திலும் இதே மாதிரி. குடிதண்ணீர் 60 லீற்றர், முழுவதும் காவல் படகில். காவல் படகு பின்தங்கிய படகோடு நிற்கும். முன்னே போனவர்கள் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நா வறண்டு காத்திருப்பார்கள். வாவித் தண்ணீர் உவர், வாய் கழுவக்கூட உதவாது. கச்சானில் வியர்வை தெரியாது, வந்ததும் காய்ந்துவிடும். குடிக்கவேண்டும் என்ற எண்ணமும் வராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லீற்றர் வேண்டும்; அதில் மூன்று அவரவர் படகில், கட்டியபடி இருக்கவேண்டும்.

பெட்டிப் படகைக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். 8 மில்லிமீற்றர் கயிறு, பத்து மீற்றர், கட்டிய இடம் பாய்மரத்தடி. இழுத்ததும் தட்டையான அணியம் (முன்பக்கம்) தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தாழ்ந்தது. இழுகயிறு எப்போதும் தாழக் கட்டவேண்டும், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஒரு வளையம் போட்டு. அப்போதுதான் அணியம் நிமிரும். அந்தப் படகில் வளையம் இல்லை. கடைசியில் 40 கிலோப் பெட்டியைத் தூக்கிக் காவல் படகின் குறுக்கே கவிழ்த்து வைத்தார்கள். அதன் சொந்தக்காரருக்கு வருத்தந்தான். ஆனால் பெட்டிப் படகு குளத்துக்கும் கரையோர விளையாட்டுக்கும் ஆனது. 17 கிலோமீற்றர் நாளுக்கு அதைச் சேர்த்தது ஏற்பாட்டாளர்களின் பிழை.

கயாக்குக்கு வேறு தொல்லை. பக்கக் காற்றில் அணியம் காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்தது. சுக்கான் இல்லை. முன்னறையில் இருந்த பத்துக் கிலோச் சாமானைப் பின்னறைக்கு மாற்றியதும் பாதி தீர்ந்தது. கடையார் ஆழ அமர்ந்தால் காற்று அதைத் தள்ளுவது குறையும்.

அம்பிளாந்துறை: கவிழ்த்துவைத்த படகுகளைச் சுற்றி

அம்பிளாந்துறைக்கும் குருக்கள்மடத்துக்கும் இடையில் ஓடும் பாதையின் துறையை விட்டு நன்றாக ஒதுங்கித்தான் படகுகளைக் கரையேற்றினார்கள். (பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக் கடக்கும் மிதவை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம்.) பாதை வரும்போது அதற்குத்தான் வழி, சின்னப் படகு அதன் முன்னால் வெட்டிப் போகக்கூடாது.

முகாம் தண்ணீரோரத்திலிருந்து ஐம்பது மீற்றர் உள்ளே. இந்த வாவியில் முதலை உண்டு. மீன் கழுவுவது, பாத்திரம் கழுவுவது எதுவும் கரையோரத்தில் இல்லை. இருட்டினபின் தண்ணீரில் கால் வைப்பதில்லை. காலையில் படகு இறக்குமுன் கம்பால் தண்ணீரில் அடித்துப் பார்ப்பது. வாகனத்தில் வந்த வீட்டுக்காரர்கள் புட்டும் மீன்குழம்பும், பிறகு எருமைத் தயிரும் கொண்டுவந்திருந்தார்கள்.

சாப்பாட்டுக்கு முன் நடந்ததுதான் இந்த ஒன்றுகூடலின் உயிர். ஏழு படகையும் வரிசையாகக் கவிழ்த்துவைத்து, ஒவ்வொருவரும் தன் படகின் குறையைத் தானே முதலில் சொல்லவேண்டும். பிறகு மற்றவர்கள் தட்டிப் பார்க்கலாம், கேட்கலாம். புகழ்ச்சிக்கு இடமில்லை. ஒரு மணிநேரம் என்று நினைத்தது மூன்று மணிநேரம் போனது.

தோணியின் பிரச்சினை அங்கேதான் பிடிபட்டது. ஐந்து ரூபாய்க் குற்றியால் அடிப்பக்கம் தட்டிக்கொண்டு போனால் "டக் டக்" என்று வந்த சத்தம் நடுவில் "பொத்" என்று மாறியது. பைபர் பலகையை விட்டுக் கழன்றிருந்தது, இரண்டு சதுர அடி அளவில். மீன்பிடிப் படகு செய்யும் இடங்களில் பயன்படும் பொலியெஸ்டர் ரெசினால் போர்த்தியிருக்கிறார்கள். முழுப் படகும் பைபராக இருந்தால் அந்த ரெசின் பிழையில்லை, நம் கரையோரமெங்கும் அதில்தான் படகு. மரத்தோடு அது ஒட்டுவது பலவீனம். மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். விளிம்பில் ஒரு மயிரிழை திறந்தால் தண்ணீர் உள்ளே போய் உரித்துக்கொண்டே போகும். மரத்துக்கு எபொக்சிதான். விலை மூன்று மடங்கு என்றால் படகைச் சின்னதாகச் செய்யலாம், பசையில் குறைக்கக்கூடாது. கழன்ற இடத்தில் ஊசிபோட்டுப் பசை ஏற்றலாம் என்று ஒருவர் சொன்னார். நனைந்த மரத்தில் அது பிடிக்காது. படகை ஞாயிறு தண்ணீரில் இறக்குவதில்லை என்று அதன் இருவரும் தாங்களாகவே முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு.

எபொக்சியைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. நம் சூட்டில் எல்லாருக்கும் ஒரே புகார்: கலந்த கோப்பை புகைவிட்டுக் கொதிக்கிறது. வெப்பம் பத்துப் பாகை ஏறினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். 25 பாகையில் அரை மணி கிடைக்கும் பசை 35இல் கால் மணிதான். ஆழமான கோப்பையில் சூடு வெளியேற வழியில்லாததால் இன்னும் விரைவு. கலப்பது ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் வேண்டாம். கலந்ததும் தட்டையான தட்டில் பரப்பவேண்டும். விகிதத்தைக் கண்மட்டத்தில் ஊற்றுவது இன்னொரு குற்றம். ஹார்ட்னர் (இறுக்கி) கூடப் போட்டால் விரைவாக இறுகும் என்பது பொலியெஸ்டர் பழக்கம்; எபொக்சியில் கூடினாலும் குறைந்தாலும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். கிராம் தராசு ஒன்று கட்டாயம். காய்ந்த பசையின்மேல் மெழுகுபோல் படர்வதைத் தண்ணீரால் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சுப் போட்டால் அது உரியும். சாண்ட்பேப்பர் மட்டும் போட்டால் அந்த மெழுகை உள்ளே தேய்த்துவிடும்.

நிறத்தைப் பற்றி ஒரு சிறு வாக்குவாதமும் நடந்தது. 14 அடிப் படகு கருநீலம், பார்க்க அழகு. வெயிலில் கை வைக்க முடியாத சூடு. சாதாரண எபொக்சி 55, 60 பாகைக்கு மேல் இளகத்தொடங்கும். கருநிறப் பரப்பு நம் வெயிலில் அதைத் தாண்டும். அந்தப் படகின் அடியில் துணியின் நெசவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருந்தது. வெள்ளை அல்லது இளமஞ்சள் என்று நாங்கள் சொல்வோம். அழகு பார்ப்பவர்கள் கேட்கமாட்டார்கள்.

பிளைவூட் வாங்கும்போது செய்யும் சோதனையையும் எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை ஒரு மணிநேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, திரும்பவும் ஒரு மணிநேரம். அடுக்கு பிரியவில்லை என்றால் பசை தாங்கும். விளிம்பில் ஓட்டை இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். உள்ளடுக்கில் இடைவெளி இருந்தால் நல்ல பசையும் உதவாது.

இரண்டாம் நாள்: கவிழ்ந்த படகு

ஞாயிறு புறப்பட வேண்டியது ஆறு மணி. புறப்பட்டது எட்டரை. இரவு நீண்ட பேச்சு, காலையில் தேநீர், கூடாரம் மடிப்பது, ஒருவரின் செருப்பு. இப்படியான ஒன்றுகூடலில் இரண்டாம் நாள் தாமதிக்காமல் இருந்ததை நாங்கள் கண்டதில்லை. மீதி 13 கிலோமீற்றர்தான் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

பத்தரைக்கு, கரையிலிருந்து முந்நூறு மீற்றர் தள்ளி, 12 அடிப் படகு ஒன்று பாயை ஏற்றியது. தார்ப்பாயில் தைத்த ஐந்து சதுர மீற்றர்ப் பாய். கரையில் மரவரிசை இருக்கும்வரை காற்று மெல்லமாக வந்தது. மரவரிசை முடிந்து வயல்வெளி திறந்த இடத்தில் கச்சான் ஒரே அறையில் அடித்தது. பாய்க்கயிறு மரக்கட்டையில் சுற்றிக் கட்டியிருந்தது, கையில் இல்லை. அவிழ்ப்பதற்குள் படகு படுத்துவிட்டது. சின்னப் பாய்ப்படகில் பாய்க்கயிற்றைக் கட்டிவைப்பது எவ்வளவு பழைய பிழை என்றாலும் இன்னும் ஓயவில்லை.

இருவரும் அங்கியோடு மிதந்தார்கள். படகை நிமிர்த்தியது இரண்டாம் முயற்சியில். அதற்குப் பின் நடந்ததுதான் பாடம். மிதப்புக்காக ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் 24ஐ இரண்டு அரிசிச் சாக்கில் கட்டி, ஒன்று அணியத்திலும் ஒன்று கடையாரிலும் வைத்திருந்தார்கள். 36 லீற்றர் போத்தல் என்றால் தண்ணீருக்குள் 36 கிலோ மேலே தள்ளும் விசை. சாக்கைக் கட்டியது மெல்லிய நைலோன் நூல். பின்சாக்கு அறுத்துக்கொண்டு போனது. மீதி இருந்த முன்மிதப்பால் அணியம் நிமிர்ந்து, கடையார் அமிழ்ந்து, படகு ஏறவிடாமல் உருண்டது.

இறைக்கவும் முடியவில்லை. நடுவில் இறக்குபலகைக்கு (பாயில் போகும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) ஒரு கூடு இருந்தது. அதன் மேல்வாய் படகின் விளிம்பிலிருந்து 20 சென்ரிமீற்றர் கீழே. நிரம்பிய நிலையில் அந்த வாய் தண்ணீருக்குள். ஒருவர் வாளியால் வெளியே ஊற்ற, அதே அளவு கூட்டுக்குள்ளால் திரும்பி வந்தது. இப்படிப் படகில் 600 லீற்றர் வரை நிற்கும். ஒன்பது லீற்றர் வாளியால் அறுபத்தேழு தடவை, அதுவும் ஓட்டை இல்லாமல் இருந்தால். காவல் படகுக்காரர் தன் சாரத்தைச் சுருட்டிக் கூட்டின் வாயில் திணிக்கச் சொன்னார். அடைத்ததும் தண்ணீர் இறங்கத் தொடங்கியது. கவிழ்ந்ததிலிருந்து திரும்பப் புறப்படும்வரை ஐம்பது நிமிடம். அதுவரை மற்றப் படகுகள் காற்றில் காத்துக்கிடந்தன. நங்கூரம் போட்ட இரண்டும் சேற்றில் இழுபட்டுப் போயின. மூன்று கிலோ நங்கூரத்துக்கு இரண்டு மீற்றர் ஆழத்தில் 14 மீற்றர் கயிறு விடவேண்டும், அவர்கள் விட்டது ஐந்து. வாவி மீனவர்கள் செய்வதுபோல் கம்பை ஊன்றிக் கட்டிய படகு மட்டும் அசையாமல் நின்றது.

இதெல்லாம் கல்லடியில், இடுப்பளவுத் தண்ணீரில், இருபது நிமிடத்தில் தெரியவந்திருக்கும். நூல் அறுவதும் தெரிந்திருக்கும், கூட்டின் வாய் தாழ்ந்திருப்பதும் தெரிந்திருக்கும்.

மண்டூருக்கு வந்துசேர்ந்தது ஒன்றேகால் மணிக்கு. குருமண்வெளியிலிருந்து வரும் பாதைக்கு வழிவிட்டு, துறைக்கு வடக்கே ஏறினார்கள். நாள் தெரிவில் ஒன்றைச் சொல்லவேண்டும்: ஆவணியில் மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நாட்கள் என்றால் அந்தத் துறையில் கால்வைக்க இடமிராது. பயணத்தை அதற்கு முன் வைத்தது நல்ல யோசனை.

திருத்தங்கள்

அடுத்த பயணத்துக்கு எழுதப்பட்ட மாற்றங்கள் அதிகமில்லை. சோதனையை வெள்ளி மாலைக்கு மாற்றுவது, சாமான் ஏற்றாமல் ஒவ்வொரு படகையும் கவிழ்த்து, நிமிர்த்தி, இறைத்து, ஏறிக் காட்டுவது. பத்து நிமிடத்தில் முடியாதவர் பாய் இல்லாமல் வரலாம். மிதப்பு படகின் இரு பக்கமும், விளிம்புக்குக் கீழே நெடுக, பக்கத்துக்கு 60 லீற்றர். போத்தலானால் நாற்பது நாற்பது. வலைக்குள் போட்டு 25 மில்லிமீற்றர்ப் பட்டியால் பலகைத் தாங்கிகளில் கட்டவேண்டும். போத்தல்களை விடியற்குளிரில் மூடினால் வெயிலில் இறுகி நிற்கும். வெயிலில் மூடினால் தண்ணீரில் விழுந்ததும் சப்பளிந்துவிடும். கூட்டின் வாயை விளிம்பு மட்டம் வரை உயர்த்துவது, அல்லது கூட்டையே எடுத்துவிட்டுப் பக்கத்தில் தொங்குபலகை போடுவது. ஆழங்குறைந்த வாவிக்கு இரண்டாவதுதான் பொருத்தம். தரை தட்டினால் தானே பின்னால் மடங்கும், கூட்டுக்குள் சேறு அடைக்காது.

எரிபொருள் 20 லீற்றர் கொண்டுபோனார்கள். 50க்கு 1 கலவை, ஆகவே எண்ணெய் 400 மில்லிலீற்றர். செலவானது 13 லீற்றர்.

கவிழ்ந்த படகை அதே வாரம் திருத்தப் பார்த்தார் அதன் சொந்தக்காரர், மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். உவர்நீர் புகுந்த பிளைவூட்டை முதலில் நல்ல தண்ணீரால் இரண்டு தடவை கழுவி, நிழலில் கவிழ்த்துவைத்து, காற்றோட்டத்தில் குறைந்தது இரண்டு வாரம் விடவேண்டும். உப்பு இருந்தால் மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எபொக்சி மேலே நிற்கும். சந்தேகமான இடத்தில் ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் அடைத்து ஒட்டி, ஒரு நாள் வெயிலில் வைத்துப் பார்க்கலாம். உட்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. வியர்வை நின்ற பிறகு ஊசித்துளை விழுந்த நாடா இருந்தால் அதைக் கிரைண்டரால் மரம் தெரியும்வரை எடுத்து, ஓரத்தை இரண்டு அங்குலம் சரித்துத் தேய்த்து, 75 மில்லிமீற்றர் நாடா ஒன்றும் அதன்மேல் 100 மில்லிமீற்றர் ஒன்றும், மாலை நாலு மணிக்கு மேல்.